பரபக்ஷம் கேட்டல்

விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றாக வகுத்த கௌதமருடைய நியாய சூத்திரம், உண்மையை நிச்சயிக்கும் நோக்கத்தோடு பேசுவதை முதலாவதாகவும், எவ்வுபாயத்தாலேனும் ஜயித்தல் வேண்டுமென்று பேசுவதை இரண்டாவதாகவும், தனக்கென ஒரு பக்ஷத்தை நிலைநாட்டாமல் பிறர் பக்ஷத்தைச் சிதைப்பதோடு அமைந்துவிடுவதை மூன்றாவதாகவும் வைக்கிறது. பின்னிரண்டும் முளைத்துவரும் பயிரைக் காக்கும் முள்வேலி போல் உதவலாமென்று அந்நூலே ஒரு சலுகையும் தருகிறது. நம் சபைகளிலோ வேலிதான் உண்டு, பயிரைக் காணோம்.

முதல் வகைக்கு வேண்டிய பொறுமையை மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் காண்கிறோம். இளம்பெண்தானே என்று கருதிச் சமயவாதிகள் தம் கொள்கையின் சாரத்தைச் சொல்லாது விடுவர் என்பதால், தவசி வடிவம் பூண்டு வஞ்சி மாநகரம் புகுந்த மணிமேகலை, வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் ஆகிய எல்லோரையும் அவரவர் சித்தாந்தத்தை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்து, பெரும்பாலும் இடைமறியாமல் கேட்கிறாள். பிரத்தியக்ஷம் ஒன்றே பிரமாணம் என்ற பூதவாதியிடம் அவள் நகைத்தது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்ட கேள்வி, தன் பௌத்தத்திலிருந்து ஒரு சொல்லையும் துணைக்கு அழைக்காமல், அவன் நிற்கும் தரையிலேயே தானும் நின்று கேட்டதாகும்.

குண்டலகேசி என்ற பௌத்த காவியத்துக்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசியிலோ, தலைவி குண்டலகேசியை வென்று, மொக்கலனை வென்று, புத்தரையே தன் கட்சிக்குச் சம்மதிக்கச் செய்துவிடுகிறாள். எதிர்க்கட்சிக்காரர் எழுதிவைத்த சம்மதத்தைப் படித்து எந்தப் பௌத்தர் தம் மதத்தைக் கைவிட்டிருப்பார்? ஜயம் மிகச் சுலபமாக வந்துவிட்டது. அதனாலேயே அதில் சுவையில்லை.

ஆனால் மறுக்கப் புகுந்தவர் மறுக்கப்படுவதை எடுத்துரைத்தே தீரவேண்டும் என்ற பழைய சம்பிரதாயம் ஒரு விசித்திரமான உபகாரத்தைச் செய்திருக்கிறது. சில செய்யுட்கள் மட்டுமே எஞ்ச, குண்டலகேசி அழிந்துபோயிற்று. அந்நூல் எதைக் கூறிற்று, எவ்வாறு வாதித்தது என்பதை அறிய விரும்புவோர் இன்று நாடவேண்டியிருப்பது, சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்த நீலகேசியையும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் என்ற சமணர் இயற்றிய உரையையுமே.