மின்னூட்டம் ஏன் தள்ளுகிறது?



சுங்காய் வட்டாரத்தில் இன்று செம்பனை பெருகிவிட்டது. ஆயினும் பால்மரத்தை நம்பி வளர்ந்த கடைத்தெருக்கள் பேராக்கில் எத்தனையோ உண்டு. மரத்தில் வடித்த பாலில் பார்மிக் திராவகத்தை அளவோடு கலந்தால் அது உறைந்து கட்டியாகும் என்பதை அறிந்தோர் பலர். ஏன் உறைகிறது என்று கேட்டோர் சிலரே.

பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் யாவும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும், வேறுபட்டவை இழுக்கும். ஆகவே துகள்கள் ஒட்டாமல் விலகி நிற்கின்றன. திராவகம் அம்மின்னூட்டத்தைத் தணித்துவிடவே, அவை ஒன்றுகூடி உறைகின்றன.

நன்று. ஆனால், ஒத்தவை ஏன் தள்ளவேண்டும்? பிரெஞ்சு நாட்டுக் கூலோம் 1785-ல் அவ்விசையை அளந்து, தூரம் இருமடங்கானால் விசை நாலில் ஒன்றாகும் என்றார். அது அளவு; காரணம் அன்று. பின்னர் பாரடே, மின்னூட்டத்தைச் சுற்றிப் பரவியுள்ள புலமே விசைக்குக் காரணம் என்றார். அதன்பின் டொமொனாகா, ஷ்விங்கர், பெயின்மன் ஆகிய மூவர், ஒளித்துகள்களின் பரிமாற்றத்தால் விசை எழுவதை விளக்கும் கணிதத்தைச் செம்மைப்படுத்தி 1965-ல் நோபல் பரிசு பெற்றனர். சரி, அப்புலம் ஏன் இருக்கவேண்டும்? ஒரு பக்கத்துப் பாக்கியை அடுத்த பக்கத்துக்கு ஏற்றுவது போல் கேள்வியும் நகர்ந்துகொண்டே போகிறது. பல கணக்குகள் ஒரே கணக்காய்ச் சுருங்கின, பாக்கி தீரவில்லை.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலில், நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதையே காண்கிறோம். நெருப்புத்தான் எரித்தது என்பதற்கு அக்காட்சி சான்றாகாது என்றார்கள். எரியச் செய்பவன் இறைவன் என்பது அவர்கள் கொள்கை. 1198-ல் மறைந்த இப்னு ருஷ்து, காரணங்களை மறுப்பது அறிவையே மறுப்பதாகும் என்று பதிலுரைத்தார். ஆனால் கஸ்ஸாலி அவர்கள் ஆராய்ச்சிக்குப் பகைவர் அல்லர். கணக்கால் நிறுவப்பட்ட கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்று அதே நூலில் எச்சரித்தவர்களும் அவர்களே.

ஆகவே, "எல்லாம் அவன் செயல், கேளாதே" என்று பிள்ளையின் வாயை அடைப்பதும் தவறு. "விஞ்ஞானம் யாவற்றையும் சொல்லிவிட்டது" என்று பெருமை பேசுவதும் தவறு. இல்லாத சரக்கை உண்டென்பவனையும், இருக்கும் சரக்கை இல்லையென்பவனையும் கடைத்தெருவில் யாரும் நம்புவதில்லை. அறிவிலும் அந்த நாணயம் வேண்டும். தெரிந்தவரை முழுமையாகச் சொல்வோம், தெரியாத இடம் வந்ததும், "இதற்குமேல் எனக்குத் தெரியாது, நீ படித்துத் தேடு" என்போம்.