தன் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும்

ஒரு வழக்கில் சொந்த நலன் உள்ளவரைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யாரும் உட்கார வைப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ தன் 21ஆம் பிரிவில் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. பிள்ளை அங்கே படிக்கிறது என்பதுதான் பெற்றோரின் தகுதி. அப்படி வந்து உட்காரும் தாயோ தகப்பனோ தன் பிள்ளைக்காகப் பேசலாமா?

பேசக் கூடாது என்று சொல்லிவிடுவது எளிது, அது சரியாகாது. காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருவதைத் தாய்தான் பார்க்கிறாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் போகவில்லை, போகாமலிருக்கத் தண்ணீரும் குடிக்கவில்லை என்கிறாள் மகள். ஆய்வுக்கு வரும் அதிகாரி கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். பாட்டில் அவர் கண்ணில் படாது. இந்த அறிவு கூட்டத்துக்கு வருவதற்காகத்தான் சட்டம் பெற்றோரைக் கூப்பிட்டது. தன் மகள் வழியாகத் தெரிந்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

சிக்கல் பணத்தைப் பங்கிடும்போது தொடங்குகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில்தான் சாக்பீஸ், குழாய், மின்விசிறி எல்லாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனுக்கு ஆண்டு விழா கண்முன் நிற்கும்; ஏப்ரலில் அவர் மகன் பள்ளியை விட்டே போய்விடுவான். ஆனால் குழு தீட்டும் வளர்ச்சித் திட்டம் மூன்றாண்டுக்கானது. அதனால் பயன்பெறப் போகிறவர்களில் சிலர் இப்போது அங்கன்வாடியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசவும் அவரைத்தான் சட்டம் உட்கார வைத்திருக்கிறது.

கூட்டத்துக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படுவது வழக்கம். நாற்று நடப் போனவளோ சித்தாள் வேலைக்குப் போனவளோ அதற்கு வந்தால் அரை நாள் கூலி போகும். அவளுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்று வந்தவர்கள் சொல்வது பெரிய அநியாயம். வரமுடிந்தவர்களின் தேவை மட்டும் தீர்மானமாகிவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் அரசுப் பள்ளியிலும் முதல் பந்தி.

2022இல் காலிப் பணியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களைக் குழு வழியாக நியமித்துக்கொள்ளத் தமிழக அரசு வழிசெய்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். ஒரு சிற்றூரில் பி.எட். முடித்த பெண் யாரோ ஓர் உறுப்பினருக்கு மருமகளாகவோ தங்கையாகவோதான் இருப்பாள். உறவு என்பதற்காகத் தகுதியுள்ளவளைத் தள்ளுவது முறையில்லை. ஆனால் அவள் விண்ணப்பத்தை எடுக்கும்போது அந்த உறுப்பினர் உறவைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். வேலை கிடைத்தால் அந்தப் பெண்ணும் தலை நிமிர்ந்து பாடம் நடத்தலாம்.

பாசம் வாயைக் கட்டிப்போடும் இடமும் உண்டு. உடல் தண்டனையை அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. இருந்தும் ஓர் ஆசிரியர் அடிக்கிறார். அது உறுப்பினருக்குத் தெரியும். அவர் மகனும் அதே வகுப்பில்தான் இருக்கிறான். பேசினால் நாளைக்கு அவன்மேல் பாயும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி தெம்பூட்டுகிறது. இங்கே அந்த உத்தரவாதம் இல்லை; ஊரார் பிள்ளைக்காகப் பேசியதற்குத் தன் பிள்ளை அடி வாங்கக்கூடும். தனியாளாக நின்று அந்த விலையைக் கொடு என்று எந்தப் பெற்றோரிடமும் கேட்க முடியாது. கேட்கக்கூடியது ஒன்று உண்டு: தெரிந்ததை மற்ற உறுப்பினர்களிடம் சொல்லி, எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போடுவது. பத்துப் பதினைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்கு எந்தப் பிள்ளையைப் பழிவாங்குவது? ஆளுக்கு ஆள் தன் பிள்ளையை நினைத்து வாய் மூடினால்தான் எல்லாப் பிள்ளைகளும் அடி வாங்குவார்கள்.

எது பொதுக் கோரிக்கை, எது சொந்தக் கோரிக்கை என்று பிரிக்கத் தீர்மானப் புத்தகமே உதவும். பிள்ளையின் பெயரில்லாமல் எழுத முடிகிற கோரிக்கை குழுவின் வேலை. என் மகனை முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள் என்பதைப் பெயரில்லாமல் எழுத முடியாது. அதைத் தனியாக ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் வரும் ஒரே பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டும் என்றால், வாசலில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று எழுதினால் போதும். இன்று அதில் ஏறப்போவது ஒரே பிள்ளைதான், கேட்பது அதன் தாய்தான் என்றாலும் அது பொதுக் கோரிக்கையே. மற்ற பெற்றோர் அதை அவள் வீட்டு விவகாரம் என்று ஒதுக்காமல் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதில்தான், தாங்கள் எதற்காக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறதா என்று தெரியும்.