கொடுத்த கையும் இருந்த கதிரையும்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் சுபஹுத் தொழுகை முடிந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது, மீள்குடியேறி வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "இந்த முறையாவது எங்களுக்கு ஒரு சீட் தருவாங்களா தம்பி?" தேர்தலைப் பற்றித்தான் பேச்சு. 'வெல்லுவோமா' என்று அவர் கேட்கவில்லை. 'தருவாங்களா' என்றுதான் கேட்டார்.

அவரில் பிழையில்லை. குடாநாட்டு முஸ்லிம்கள் தமது வாக்கை மட்டும் நம்பி ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பக்கூடிய தொகையில் என்றுமே இருந்ததில்லை. 1990 ஒக்டோபர் 30இல் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பிறகு, இருந்த தொகையும் புத்தளத்திலும் பிற ஊர்களிலுமாகச் சிதறிப்போயிற்று. எண்ணிக்கை இல்லாதவனுக்கு ஆசனம் என்பது யாரோ ஒருவரின் கொடைதான். அப்படியானால், கொடையாக வந்த கதிரையில் இருப்பவன் யாருக்காகப் பேசக் கடமைப்பட்டவன்? கொடுத்தவருக்கா, யாருடைய பெயரால் அது கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கா?

இந்தக் கேள்வியை நாட்டளவில் எழுப்பிய ஒரு சபை இலங்கையில் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947இல் அமைந்த செனற் சபையைத்தான் சொல்கிறேன். உறுப்பினர் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பொதுமக்களின் நேரடி வாக்கு ஒருவருக்கும் இல்லை. நிதி மசோதாவை ஒரு மாதமும், ஏனைய மசோதாக்களை அடுத்த கூட்டத்தொடர் வரையும் தாமதிக்கலாம். அதற்கு மேல் தடுக்க அதிகாரமில்லை. அவசரச் சட்டங்களுக்குக் கடிவாளமாகவும் சிறுபான்மையினருக்கு ஓர் அரணாகவும் இருக்குமென்று எதிர்பார்த்தார்கள். அரணாக அது நிற்கவில்லை. மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் அதன் வழியாகத்தான் போயின. 1971 ஒக்டோபர் 2இல் அது ஒழிக்கப்பட்டபோது தெருவில் யாரும் அழுததாகத் தெரியவில்லை. நானும் அழச் சொல்லவில்லை.

ஆனால் அதன் விதிகளில் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. செனற்றரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெறுவர். நியமனத்துக்குச் சிபாரிசு செய்த பிரதமர் மனம் மாறினாலும் கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது. அரசாங்கம் மாறினாலும் செனற்றர் மாறுவதில்லை. கொடுத்த கை, கொடுத்த கணத்திலேயே கட்டப்பட்டுவிடுகிறது.

வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமாகி, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ், 1952இல் இத்தகைய நியமனத்தால்தான் செனற்றரானார். அவர் சார்ந்திருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற நிலைப்பாட்டுக்கு அந்தக் கட்சி 1956இல் மாறியபோது அவர் கட்சியை விட்டு விலகினார். செனற் சபையில் அந்தச் சட்டத்துக்கு எதிராக நின்றார். கதிரையை விடவில்லை, 1963 வரை செனற்றராகவே இருந்தார்.

கட்சி தந்த கதிரையை வைத்துக்கொண்டு கட்சியை மட்டும் விடுவது நேர்மையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதிரை கட்சியுடையது என்றால் அது நேர்மையில்லை. ஆனால் அது ஓர் அமானிதம் என்றால், கொடுத்தவர் அதன் சொந்தக்காரர் அல்லர், ஒப்படைத்தவர் மட்டுமே. யாருக்குரியதோ அவர்களுக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அஸீஸ் இரண்டாவதை நம்பியதாகவே நான் அவருடைய செயலை வாசிக்கிறேன்.

வாக்கு வாங்கி வந்தவர்கள் இதைவிட உறுதியாக நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்ற இரு முஸ்லிம்களும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் போனார்கள். அவர்களிடமும் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

கலீபா உமர் (ரலி) குத்துண்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, தமக்குப் பின் வருபவரைத் தெரிவுசெய்ய ஆறு பேரை நியமித்தார். யாரும் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனைக்கு இருக்கலாம், பதவிக்கு அல்ல என்றார். சிறு வயதில் இதைக் கேட்டபோது மகனை விலக்கியதுதான் பெரிதாகப் பட்டது. இப்போது வேறொன்றும் படுகிறது. அந்த ஆறு பேரும் கூடி முடிவெடுத்தபோது நியமித்தவர் உயிரோடு இல்லை. நன்றி சொல்லவோ முகத்தைப் பார்த்துத் தயங்கவோ ஆளில்லை.

நன்றிதான் இங்கே சிக்கல். நன்றிகெட்டவனைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம், நன்றி மிகுந்தவனைப் பற்றி எழுதவில்லை. புத்தளத்தில் நாங்கள் இருந்த அகதி முகாமுக்கு, நிவாரணம் தந்த அமைப்பொன்றே ஒருவரைத் தலைவராக நியமித்தது. நல்ல மனிதர், ஐவேளை தொழுகையாளி, தன் பங்குக்கு மேல் ஒரு கொத்து அரிசி எடுத்தவரில்லை. இரண்டு கிழமை உலருணவு குறைந்து வந்தது. போய்க் கேளுங்கள் என்று பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். "என்னை ஆக்கினவங்களே அவங்கதான். அவங்கள எதிர்த்து நான் எப்படிக் கதைக்கிற?" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பயமென்றால் கோபித்திருப்பேன். அது பயமில்லை, நன்றி. அந்த இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் இரவுக்குக் கஞ்சிதான்.

இன்றைய தேசியப் பட்டியலை இதோடு வைத்துப் பாருங்கள். 1988இல் வந்த ஏற்பாடு இது. 225 பேரில் 29 பேர் நேரடியாகத் தெரிவாகாமல் கட்சியால் பெயர் குறிக்கப்பட்டு வருகிறார்கள். செனற் சபை செத்தும் நியமனம் சாகவில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. கட்சி ஒருவரை நீக்கினால், உயர் நீதிமன்றம் காப்பாற்றினாலொழிய, அவருடைய ஆசனமும் போய்விடும். அதோடு, நம்முடைய கட்சிகள் இந்த ஆசனத்தை இவருக்குச் சில காலம், அவருக்குச் சில காலம் எனப் பங்கிட்டுக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறோம். நோன்புக் கஞ்சிச் சட்டி சுற்றுவது போல. அடுத்தவர் வாசலில் காத்து நிற்கும்போது, இருப்பவர் எந்த மசோதாவை எதிர்த்து எழுவார்?

2013 வட மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை அய்யூப் அஸ்மினுக்கு வழங்கியது. வெளியேற்றம் நடந்து 23 ஆண்டுகளின் பின் வந்த அந்தக் கொடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அது எங்கள் உரிமையாக வரவில்லை, பிறர் பெருந்தன்மையாக வந்தது. 2018இல் சபையின் காலம் முடிந்தபோது அதுவும் முடிந்தது.

திருப்பிப் பெற முடியாத ஆசனத்திலும் ஆபத்து உண்டு என்பது தெரியும். கணக்குக் கேட்க ஆளில்லாதவர் தூங்கலாம்; செனற் சபையிலும் தூங்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஆறாண்டு முடிவில் மீண்டும் நியமனம் கிடைக்காதா என்று ஏங்குபவர், கட்டப்பட்ட கையைக்கூட முத்தமிடுவார். இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய் என்றால், தூங்கும் சாத்தியத்தை ஏற்பேன். வாய் கட்டப்பட்டவர் விழித்திருந்தும் பயனில்லை. தூங்குகிறவரையாவது எழுப்பிப் பார்க்கலாம்.

பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தந்தா, பிறகு திருப்பிக் கேப்பாங்களா எண்டு முதல்ல கேளுங்க நானா."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "முதல்ல தரட்டும் தம்பி" என்றார்.