பெரியவர் பேச்சை மீறலாமா?

சூலியா தெருவில் தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "பெரியவங்க பேச்சை மீறினா பாவமா, ஐயா?"

இராமானுசர் வரலாற்றைச் சொன்னேன். எட்டெழுத்து மந்திரத்தின் பொருள் கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார். "வெளியே சொன்னால் நரகம்" என்றார் குரு. இவரோ கோயில் மேல் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். குரு கோபித்தபோது, "நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் உய்வார்களே" என்றார். குருவும் மனம் இளகி, "எம்பெருமானாரே!" என்று தழுவிக்கொண்டார்.

ஒளிந்து மீறவில்லை அவர். பலனை ஊருக்குக் கொடுத்து, தண்டனையைத் தன் தலையில் ஏற்றார்.

தம்பி, பெரியவங்களை மறுத்துப் பேசும் முன்னே கேட்டுக்கோங்க: பலன் யாருக்கு? கஷ்டம் யாருக்கு?