தள்ளாத வயதும் அறிவெனும் அமானிதமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் பின் சில காரியங்களை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி வந்தார்கள். கோழைத்தனம், உலகின் சோதனை, கப்ரின் வேதனை ஆகியவற்றுடன் தள்ளாத முதுமைக்குத் திருப்பப்படுவதையும் சேர்த்தே கூறினார்கள். இதை அறிவிக்கும் ஸஃது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், ஆசிரியர் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதைப் போல இந்த துஆவைத் தம் மக்களுக்குக் கற்பித்து வந்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

சற்றுச் சிந்தியுங்கள். முதுமையைக் குறித்த துஆ முதியவர்களுக்கல்லவா பொருத்தம்? எழுத்துப் பழகும் வயதுப் பிள்ளைகளுக்கு அது எதற்கு? முதுமையில் வருவதற்கு இளமையிலேயே காவல் தேட வேண்டும் என்ற படிப்பினை இதில் நமக்கு இருக்கிறது.

தள்ளாத முதுமை என்பது நரையும் கூனும் மட்டுமல்ல. முன்பு அறிந்திருந்தவர் பின்பு ஒன்றுமே அறியாதவராகி விடும் நிலை என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனம் அதன் கடுமையை உணர்த்துகிறது. பெற்ற மகனைப் பார்த்தே "நீங்கள் யார்?" என்று கேட்கும் வாப்பாவும், உண்டதை மறந்து சோறு கேட்கும் உம்மாவும் நம் வீடுகளில் இல்லையா? இதை மருத்துவர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

"வயதானால் இப்படித்தான், எல்லாம் நஸீபு" என்று சொல்லி இருந்து விடுகிறோம். விதியை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டி விட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படியல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்! கட்ட வேண்டிய கயிறு எது?

'லான்செட்' மருத்துவ ஏடு அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களை எடுத்துக் காட்டியது. அவை அனைத்தையும் களைந்தால், உலகில் இந்நோய்க்கு ஆளாவோரில் 100க்கு 45 பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இயலும் என்பது அதன் கணக்கு. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகைபிடித்தல், உழைப்பின்மை, காது கேளாமை, மனச்சோர்வு முதலிய 10 காரணங்கள் நடுத்தர வயதுக்கு உரியவை. நாற்பதில் செய்யும் அலட்சியத்துக்கு எழுபதில் விலை கொடுக்கிறோம்!

இதன் காரணம் எளிது. உடல் எடையில் 100க்கு 2 பங்கே உள்ள மூளை, உடலுக்குத் தேவையான பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் கொள்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களே அதற்கு உணவு சுமக்கின்றன. கொதிப்பும் சர்க்கரையும் வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அந்தக் குழாய்களைக் கெடுத்து விடுகின்றன.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை நாம் அறிவோம். ஆயினும் விருந்து ஸஹனைச் சுற்றி உட்கார்ந்தால் அது நினைவுக்கு வருவதில்லை. நெய்ச்சோறும் இனிப்பும் உண்டு, உடனே பாயில் சாய்கிறோம். பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில் இருந்தும் வண்டியில் போகிறோம். பெண்கள் வெளியே சென்று நடக்க வசதியில்லாவிட்டால் மாடியிலோ முற்றத்திலோ அரை மணி நேரம் நடக்கட்டும்.

கொதிப்பு மாத்திரையை ரமளானில் தாமாகவே நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. இது பேணுதல் அல்ல. மாதம் பிறக்குமுன் மருத்துவரைக் கேட்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நேரத்தை மாற்றிக் கொள்ளுங்கள். தீராத நோயால் நோன்பு வைக்க இயலாதவருக்கு, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவை மார்க்கமே அனுமதித்திருக்கிறது.

காது மந்தமானவர் வெட்கப்பட்டுப் பேச்சைக் குறைக்கிறார்; பிறகு ஜமாஅத்துக்கும் போகாமல் மூலையில் ஒதுங்கி விடுகிறார். செவிடும் தனிமையும் அந்த 14 காரணங்களில் அடங்கியவை. மகளுக்கு நகை வாங்கும் நாம் வாப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கக் கூடாதா?

அறுபதைக் கடந்தவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள, மறதி நோய்க்கு வாய்ப்பு அதிகமுள்ள 1260 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பாதியினருக்கு உணவு முறை, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்தக் கொதிப்பு முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய எல்லாம் 2 ஆண்டுகள் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. வெறும் அறிவுரை பெற்ற மறு பாதியினரை விட இவர்கள் சிந்தனைச் சோதனைகளில் மேலாக இருந்தார்கள் என்று 2015இல் முடிவு வெளியாயிற்று. ஆகவே ஓதிய ஸூராக்களையே திரும்ப ஓதுவதுடன், புதிதாக ஒரு ஸூராவை மனனம் செய்ய முயலுங்கள். பேரப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுங்கள்.

இத்தனையும் பேணியவருக்கும் இந்நோய் வரலாம். தக்வா உடையவருக்கும் வரலாம். அதைப் பாவத்தின் தண்டனை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. புத்தி பேதலித்தவர், தெளியும் வரை அவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. அஸரைத் தொழுது விட்டு மறந்து மறுபடியும் தக்பீர் கட்டும் உம்மாவை அதட்டாதீர்கள். கேட்டதையே பத்து முறை கேட்டாலும் பதினோராவது முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். முதுமையடைந்த பெற்றோரை "சீ" என்று கூடச் சொல்லக் கூடாது என்ற இறைக்கட்டளை இந்த நேரத்துக்குத்தான் மிகவும் பொருந்தும். மறதி தென்பட்டவுடன் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு.

அல்லாஹ்வை அறிவதற்காகத் தரப்பட்ட அமானிதம் அறிவு. ஆகவே ஸஃது (ரலி) அவர்களைப் போல நாமும் அந்த துஆவை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். அதனுடன் அளவாக உண்ணவும், நடக்கவும், புகையைத் தொடாதிருக்கவும் பழக்குவோம்.

யா அல்லாஹ்! தள்ளாத முதுமையை விட்டும் எங்களைக் காப்பாயாக! அதில் சிக்கிய எங்கள் பெற்றோருக்கு ரஹ்மத்தையும், அவர்களைப் பேணும் எங்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வாயாக! ஆமீன்.