அஞ்சுகிறவன் அவிசுவாசியா?

மழை இரண்டு நாள் விடாது பெய்தால் லுணுகலை, பசறை மலைகளிலுள்ள லயங்களில் உறக்கமில்லை. தாய்மார் பிள்ளைகளை அணைத்தபடி, மேலேயுள்ள மண்ணின் சத்தத்திற்குக் காது கொடுத்து விடியுமட்டும் விழித்திருக்கின்றனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின்போது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்ததையும் அறிந்தவர்கள் எவ்வாறு உறங்குவர்?

இவர்களைப் பார்த்து, “விசுவாசம் இருந்தால் பயம் எதற்கு?” என்று கேட்போர் உளர். நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்டாலும் இக்கேள்வி பாரத்தின்மேல் பாரம் ஏற்றுகிறது. ஏற்கெனவே பயந்திருப்பவன் தன் பயத்திற்காக வெட்கப்படவும் வேண்டியவனாகிறான். அச்சம் அவிசுவாசத்தின் அடையாளந்தானா?

அன்பார்ந்த வாசகர்களே, கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே திகிலுற்றுக் கலங்கினார். சுவிசேஷகரான புனித மாற்கு இதை மறைக்கவில்லை. பாவமறியாதவர் அஞ்சினார் என்றால் அச்சம் பாவமாகாது. அது உயிரைக் காப்பதற்கென இறைவன் மனிதனுள் வைத்த காவல். மீரியபெத்தை ஆபத்தான இடமென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர். அவர்களுக்கு இல்லாதிருந்தது போக்கிடமே. போக்கிடமற்றவனிடம் “பயப்படாதே” என்று மட்டும் சொல்லிச் செல்வது விசுவாசத்தின் பேச்சாகுமா?

பயம் வேறு, மனச்சோர்வு வேறு. ‘ஆபத்து வருகிறது, எழுந்திரு’ என்பது பயம். ‘எழுந்து என்ன பயன்?’ என்பது சோர்வு. நம் மக்களிடையே சோர்வு வேரூன்றியதில் வியப்பில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமையை இழந்து, ஒரு பகுதியினர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே காத்திருந்தனர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த சமுதாயம் ‘எல்லாம் எங்கள் தலையெழுத்து’ என்று சொன்னால் யார் குறைகூற முடியும்? ஆனால் அந்தச் சொல்லையே நாம் மிகவும் அஞ்சவேண்டும். ஏனெனில் அது நம்பிக்கை என்னும் புண்ணியத்தையே விழுங்கிவிடும்.

சோர்வுற்றவனை இறைவன் எப்படி நடத்துகிறார்? வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டினார் எலியா தீர்க்கதரிசி. தேவதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி ஊட்டினார். அதன் பிறகே பயணம் தொடங்கியது. உபதேசத்திற்கு முன் உணவு, கட்டளைக்கு முன் ஓய்வு! சோர்ந்தவரின் வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்தவேண்டிய வரிசை இது.

அச்சத்தை வென்றவரை நம் நாட்டிலேயே காண்கிறோம். ஒல்லாந்தர் காலத்தில் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றனென்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் வைசூரி கண்டியைத் தாக்கியபோது அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். பெற்ற பிள்ளையையும் கைவிட வைக்கும் நோய் அது. அடிகளாரோ தம் உறவினரான கர்வால்யோ அடிகளாருடன் அங்கேயே தங்கி, கைவிடப்பட்டோரைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ்செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அடிகளாருக்கு அச்சமே எழவில்லை என்று எண்ணவேண்டாம். துணிவின் முதன்மையான செயல் தாக்குவதைவிடத் தாங்கி நிற்பதே என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். அஞ்சத்தக்கதைக் கண்டும் அன்பினிமித்தம் இடம்பெயராது நிற்பதே அந்தத் தாங்குதல். தனித்திருக்கும் அச்சம் மனிதனை ஒடுக்குகிறது. பகிர்ந்த அச்சம் மனிதரை ஒன்று சேர்க்கிறது.

ஆகவே மழை இருட்டும்போது செபமாலையை எடுங்கள். எச்சரிக்கை வந்தால் அதே செபமாலையோடு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். வெளியேறுவது விசுவாசக் குறைவன்று. பக்கத்து லயத்தில் தனித்திருக்கும் மூதாட்டியையும் கைபிடித்து வாருங்கள். மேட்டுப் பாங்கான இடத்திலிருக்கும் ஆலயமும் பாடசாலையும் அவர்களுக்குக் கதவு திறக்கட்டும். பாதுகாப்பான காணி கேட்டு எழுதும் மனுவில் ஒருவர் மட்டும் கையொப்பமிடாமல் தோட்டமே கையொப்பமிடட்டும். “பயப்படாதே” என்று ஆண்டவர் சொல்லும்போதெல்லாம் “நான் உன்னோடு இருக்கிறேன்” என்பதையும் உணர்த்துகிறார். நாமும் ஒருவரிடம் முதலாவதைச் சொல்லுமுன், இரண்டாவதைச் செய்து காட்டுவோம்.