நமக்காகவும் ஒரு ஜெபம்

யோவான் 17ஆம் அதிகாரம் முழுவதும் ஒரே ஜெபம். சிலுவைக்கு முந்திய இரவு. யூதாஸ் ஏற்கெனவே எழுந்து போய்விட்டான். அந்த வேளையிலும் இயேசு தம் சீஷர்களுக்குச் சுகவாழ்வு கேட்கவில்லை. உலகத்தைவிட்டு அவர்களை எடுத்துக்கொள்ளும்படியும் கேட்கவில்லை. தீமைக்குத் தப்புவிக்கவே கேட்டார். 20ஆம் வசனத்தில், அவர்கள் சொல்லைக் கேட்டுப் பின்னாளில் விசுவாசிக்கப்போகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார். அதாவது, நம்மையும்! நமக்காக அவர் கேட்டது ஒருமனம். அந்த வேண்டுதலை முன்வைத்தே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. இன்றோ சபைத் தேர்தல் சண்டை நீதிமன்றம்வரை போகிறது. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் ஊர்கள் உண்டு. அடுத்த திருவிருந்துக்கு முன், பேச்சு முறிந்தவரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள்.